கலகெதரவின் பொதுக் கிடாரம்

கண்டியிலிருந்து குருநாகல் செல்லும் பஸ் வண்டி கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, ஹெதெனியவைத் தாண்டிக் கலகெதரவை அடைகிறது. பாதையின் இருமருங்கிலும் வீட்டுத் தோட்டங்கள். பலா, கித்துள், கராம்பு, சாதிக்காய் மரங்களும் அவற்றில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடிகளுமாக எங்கும் ஒரே பச்சை. எங்கே ஒருவரின் காணி முடிந்து அடுத்தவரின் காணி தொடங்குகிறது என்பது, கதியாலும் கிடுகும் கொண்டு வேலி அடைத்துப் பழகிய வடபுலத்தவர்களான எமக்குச் சட்டெனப் புலப்படுவதில்லை.

சிங்களத்தில் 'கல்' என்றால் எமக்கும் கல்தான். 'கெதர' என்றால் வீடு. கண்டி இராச்சியத்தின் காலத்தில் இது ஒரு காவல் கணவாய். 1803 பெப்ரவரியில் கண்டியைப் பிடிக்கப் புறப்பட்ட ஆங்கிலேயப் படை, கலகெதர, கிரியாகம காவலரண்களைக் கைப்பற்றிய பின்னரே முன்னேற முடிந்தது. போரின் தடம் படாத ஊர் என்று இந்த நாட்டில் எதைத்தான் சொல்வது?

பெண்கள் குழுக்களின் அனுபவப் பகிர்வுக்காக, வன்னியிலிருந்து சில சகோதரிகளுடன் நான் அங்கு சென்றிருந்தேன். அனைவருமே கணவரையோ பிள்ளையையோ யுத்தத்தில் இழந்தவர்கள். கலகெதரவில் சிங்கள மக்களும் முஸ்லிம் மக்களும் அருகருகே வாழ்கிறார்கள். முஸ்லிம்கள் தமிழ் பேசுவதால் எமக்கு உரையாடுவது இலகுவாக இருந்தது.

ஒரு வீட்டின் பின்புறத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த பெரிய கிடாரங்களும் பிளாஸ்டிக் கதிரைகளும் எம்முடன் வந்த ஓர் அக்காவின் கண்ணில் பட்டன. "இது வாடகைக்குக் குடுக்கிற கடையோ?" என்று கேட்டார்.

"இல்லை மகள், இது எல்லாருக்கும் சொந்தம்" என்றார் அந்த வீட்டு ராத்தா. "ஜனாஸா வீடு என்றா எடுப்பாங்க. கலியாணத்துக்கும் எடுப்பாங்க. கழுவித் துடைச்சித் திருப்பித் தரணும், அவ்வளவுதான். நூறு கதிரையை ஒவ்வொரு வீட்டிலயும் வாங்கி வைக்க ஏலுமா?"

மாதந்தோறும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு தொகையைச் சங்கத்துக்குக் கொடுக்கிறது. மரணம் நேர்ந்த வீட்டுக்கு அந்தப் பணமும் பாத்திரங்களும் உழைக்கும் கைகளும் போய்ச் சேருகின்றன. சிங்களக் கிராமங்களில் இதனை 'மரணாதார சமிதி' என்பார்கள். வயல் வேலையில் 'அத்தம்' என்ற வழக்கமும் அவர்களிடம் உண்டு. இன்று உன் வயலுக்கு நான் வருகிறேன், நாளை என் வயலுக்கு நீ வா. கூலி இல்லை, கணக்கு மட்டும் மனதில் இருக்கும். நாம் பிடிக்கும் சீட்டுக்கு அவர்களும் 'சீட்டு' என்றே சொல்கிறார்கள்.

பொருளாதாரத்தைச் சந்தை, அரசாங்கம் என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அடக்கிவிடுவதே வழக்கம். இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒரு கூட்டம் மக்கள் தாமே ஒரு பொருளை உருவாக்கி, தாமே விதி வகுத்து, தாமே பாதுகாத்து, அனைவரும் பயன்படுத்துவது அது. 'பொதுவளம்' என்று அதனைக் குறிப்பிடலாம். எலினோர் ஒஸ்ட்ரோம் என்ற அமெரிக்கப் பெண்மணி, காடு, குளம், மீன்பிடிக் கரை ஆகியவற்றைச் சாதாரண மக்கள் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு ஒழுங்காகக் காத்துவந்தார்கள் என்பதை ஆராய்ந்தார். அதற்காக 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதலாவது பெண் அவரே. கலகெதர ராத்தாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் விதி தெரியும்: எடுப்பவர் கழுவித் திருப்பித் தரவேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இலங்கையின் முதலாவது கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் 1906இல் கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பகுதியிலேயே தோன்றியது. வட்டிக்காரரின் பிடியிலிருந்து தப்ப, கிராமத்தவர் தமது சில்லறையை ஒன்றுசேர்த்தார்கள். பின்னாளில் சோர்ந்துபோயிருந்த சிக்கனக் கடனுதவிச் சங்கங்களை, 1978இல் கேகாலை வல்கமவிலிருந்து பி. ஏ. கிரிவந்தெனிய 'சணச' இயக்கமாக மீள எழுப்பினார்.

இதைச் சொன்னபோது எம்முடன் வந்த அக்கா நீண்ட நேரம் பேசாதிருந்தார். அவர் மூன்று கம்பனிகளிடம் நுண்கடன் எடுத்தவர். கிழமையில் மூன்று நாட்கள் வாசலில் ஆள் வந்து நிற்கும். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்த கதை எமது வாசகிகள் பலருக்குப் புதிதல்ல. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அந்தச் சுமை பெருகியிருந்தது. கடைசியில் அந்த அக்கா கேட்டார்: "எங்களிட்டயும் சீட்டும் சங்கமும் இருந்தது தானே தங்கச்சி. எப்ப விட்டனாங்கள்?"

நாம் விடவில்லை. அவை எம்மிடமிருந்து பிடுங்கப்பட்டன. சீட்டுக்குத் தேவை, அடுத்த மாதமும் அதே வீட்டில் இருக்கும் அயலவர். இடம்பெயர்ந்து, முகாம் மாறி, வேறு காணியில் குடியமர்ந்தபோது வீடும் நகையும் மாத்திரம் போகவில்லை. யாரை நம்பலாம் என்ற அறிவும் போனது. அந்த வெற்றிடத்துக்குள்ளேயே கடன் கம்பனிகள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கின.

கிடாரத்தைப் போலவே அறிவையும் பொதுவில் வைக்கலாம். கட்டுகஸ்தோட்டைக்கு அருகே உள்ள உடத்தலவின்னை மடிகேயில் வாழ்ந்தவர் எழுத்தாளர் பீ. எம். புன்னியாமீன். 'சிந்தனை வட்டம்' என்ற பெயரில் நூல்களை வெளியிட்டதோடு, இலங்கைத் தமிழ், முஸ்லிம் எழுத்தாளர்களின் விபரங்களையும் திரட்டினார். அத்துடன் நிற்காமல், தமிழ் விக்கிப்பீடியாவில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2016இல் அவர் காலமானார். அவர் எழுதியவற்றை இன்றும் எவரும் காசின்றிப் படிக்கலாம், திருத்தலாம், மேலும் சேர்க்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1998இல், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டெழுதிப் பகிரும் மதுரைத் திட்டம் ஆரம்பமானது. 2005இல் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் காக்கும் 'நூலகம்' திட்டம் உருவானது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்த எமக்கு இதன் பெறுமதி விளங்கும். ஓர் இடத்தில் மட்டும் இருப்பது எரியும். பலரது கைகளில் பிரதியாக இருப்பதை எரிப்பது கடினம். கிடாரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் அதுவே. கிடாரத்தை ஒரு வீடு எடுத்தால் மற்ற வீடு காத்திருக்க வேண்டும். அறிவை எத்தனை பேர் எடுத்தாலும் குறையாது.

2004 டிசம்பர் சுனாமியின் பின், இலங்கைக் கணினித் தொழில்நுட்பவியலாளர்கள் தன்னார்வமாகக் கூடி 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதன் பொருள் நிவாரணம். காணாமற்போனோரைத் தேடவும், முகாம்களைப் பதியவும், உதவிகளை ஒழுங்குபடுத்தவும் அது பயன்பட்டது. விலை வைக்காமல் உலகுக்குத் திறந்துவிட்டதனால், 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போது அங்கும் உதவியது. எமது துயரத்தில் பிறந்த ஒரு கருவி இன்னொரு நாட்டின் துயரத்துக்குப் போய்ச்சேர்ந்தது.

ஆயினும் 'பொது' என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடக் கூடாது. முதலாவது கேள்வி, கிடாரத்தைக் கழுவுவது யார் என்பது. பெரும்பாலும் பெண்களே கழுவுகிறார்கள், சங்கத்தின் கணக்குப் புத்தகமோ ஆண்களிடம் இருக்கிறது. இரண்டாவது, 'நாம்' என்பதற்குள் யார் அடங்குகிறார்கள் என்பது. முதற் கூட்டுறவுச் சங்கம் முளைத்த அதே தும்பறைப் பக்கத்தில், தெல்தெனியவிலும் திகனவிலும், 2018 மார்ச்சில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அயலவர் என்ற வட்டத்தைச் சுருக்கினால் பொதுக் கிடாரமும் உடைந்துபோகும். மூன்றாவது, எல்லாவற்றையும் பொதுவில் வைக்க முடியாது. தோட்டத்து மிளகை விற்றுத்தான் பிள்ளைக்குக் கொப்பி வாங்கவேண்டும். எமது வாக்குமூலங்களும் காணாமற்போன பிள்ளையின் படமும் யாருடைய கைக்குப் போகின்றன என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எமக்கு மாத்திரமே உரியது.

அன்புச் சகோதரிகளே, பெரிதாக ஒன்றும் வேண்டாம். உங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தால், பத்து வீட்டுக்கும் பொதுவாக வாங்கக்கூடிய ஒரு பொருளைப் பற்றி அடுத்த கூட்டத்தில் கதையுங்கள். அது ஒரு தையல் இயந்திரமாக இருக்கலாம், மா அரைக்கும் இயந்திரமாக இருக்கலாம். யார் எடுப்பது, பழுதடைந்தால் யார் திருத்துவது, கணக்கை யார் எழுதுவது என்பதை வாங்குவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகம் முறைவைத்துக் கைமாறட்டும்.

உங்கள் அம்மம்மாவிடம் இருக்கும் கைமருந்தையும், பெட்டி இழைக்கும் முறையையும், ஊரின் பழைய ஒழுங்கைப் பெயர்களையும் மகளின் கையடக்கத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அதில் எதை உலகுக்குக் கொடுப்பது, எதை வீட்டுக்குள் வைத்திருப்பது என்று இருவருமாகப் பேசி முடிவெடுங்கள்.

கலகெதரவிலிருந்து திரும்பிய மறுமாதம் அந்த அக்காவின் குழு ஆறு பேருடன் ஒரு சிறு சீட்டைத் தொடங்கியிருக்கிறது. கம்பனிக் கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் புதிய கடன் எதுவும் எடுக்கவில்லை என்று அறிவித்திருக்கிறார்.