உப்புக் காற்றில் ஒரு டேங்க் மூடி

மோட்டார் சைக்கிளின் டேங்க் மூடிக்கு மூன்று வேலைகள்: பெட்ரோலை உள்ளே நிறுத்துவது, மழைநீரை வெளியே தள்ளுவது, டேங்கை மூச்சுவிட வைப்பது. பின்னிரண்டும் விளிம்புக்கடியில் இருக்கும் இரண்டு சிறு துளைகளால் நடக்கின்றன. ஒன்று மூச்சுத் துளை, மற்றது வடிகால் துளை. தூத்துக்குடி போன்ற ஊரில் எளிதில் அடைபடுபவை இவைதாம்.

ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மண்ணையும் உப்புத் தூசியையும் கொண்டுவரும். ஐப்பசியில் வாடை கடல் ஈரத்தோடு மழையையும் கூட்டிவரும். சாயல்குடி, வேம்பார் வழியாகக் கன்னியாகுமரிக்கு இறங்கும் நெடும்பயண வண்டிகள் இரண்டுக்கும் ஆளாகின்றன. வடிகால் அடைத்தால் மூடியைச் சுற்றி நீர் தேங்கி உள்ளே கசியும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கி, இரும்பு டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் தனி அடுக்காகப் பிரிந்து கீழே இறங்கும். மூச்சுத் துளை அடைத்தாலோ, சற்று தூரம் ஓடிய வண்டி திணறி நிற்கும்; மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும்.

இந்த மூடியின் இடத்தில் பொருத்தப்படுவதுதான் கேப்லெஸ் ஃபில்லர். பெட்ரோல் போடும்போது எதையும் திருக வேண்டாம். நாசில் முனை அழுத்தினால் ஸ்பிரிங் மடல் உள்பக்கம் சாயும். எடுத்தால் தானே மூடும். கார்களில் ஃபோர்டு நிறுவனம் இதை 2008 வாக்கில் பரவலாக்கியது. ஆனால் காரில் குழாய் நீண்டு சரிந்து இறங்குகிறது. பைக்கில் வாய்க்கு நேர் கீழே பெட்ரோல் நிற்கிறது. வண்டி கவிழ்ந்தால் பாரம் முழுதும் மடல்மேல்தான். ஆகவே பூட்டுள்ள வெளிமூடியும், கவிழ்ந்தால் அடைக்கும் வால்வும் உள்ள செட்டே ஏற்றது. இன்னொரு சிக்கலும் உண்டு. பங்கில் ஊழியர் நாசிலைத் தூக்கிப் பிடித்து, மட்டத்தைக் கண்ணால் பார்த்து நிரப்புவார். மடல் இருந்தால் மட்டம் தெரியாது.

பொருத்தும் வேலை காற்றோட்டமான இடத்தில், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குகிறது. பழைய மூடியைச் சாவியால் திறந்ததும் டேங்க் வாயில் பனியன் துணி அடைக்கப்படுகிறது. ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் டேங்கையே இறக்க வேண்டிவரும். வட்டமாகத் தெரியும் போல்ட்டுகளில் சில அழகுக்கு வைத்தவை. பல மாடல்களில் மூடியைப் பிடிப்பவை மூன்றோ நான்கோதான். கடற்கரை வண்டியில் அவை எளிதில் அசையா. அலுமினிய வளையமும் எஃகு போல்ட்டும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து, உப்புப் பூத்ததுபோல் வெண்பொடி கட்டும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஆலன் கீயை முழுதாக உட்கார வைத்துத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் ஆலன் குழி உருண்டுவிடும்.

அடுத்து, பழைய கேஸ்கட்டின் மேல் புதியதை வைத்துத் துளைகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். போல்ட் துளைகள் பொருந்தி, வடிகால் துளை மட்டும் மறைந்தால் அந்த செட் ஆகாது. 2020 ஏப்ரலிலிருந்து வரும் பி.எஸ்.6 வண்டிகளில் டேங்கின் ஆவி கரி நிரப்பிய கேனிஸ்டருக்குப் போவதால், அந்த வழியையும் அடைக்கக் கூடாது. போல்ட்டுகளில் கிரீஸ் தடவி, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குகிறார்கள்.

கடைசியில் சோதனை. மடலுக்கடியில் டிஷ்யூ தாளை வைத்து, வெளிமூடியைப் பூட்டி, மேலே ஒரு குவளை தண்ணீர் ஊற்றப்படுகிறது. வண்டிக்கடியில் வடிகால் டியூப் முனையில் தண்ணீர் ஒழுக வேண்டும். தாள் நனையக் கூடாது. பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் வடிகால் துளையில் மெல்லிய நைலான் நரம்பை ஒருமுறை விட்டெடுத்தால் போதும்.