சுவரின் கறை

கணினியிற் கட்டடப் படம் வரைவோர், சுவர் மெய்யெனத் தோன்றுதற்கு அழுக்கையும் தேய்வையும் சேர்ப்பர். அழுக்கு மனம்போனவாறு படிவதன்று; ஒவ்வொரு கறைக்கும் காரணம் உண்டு. பதுளைத் தோட்டங்களின் லயக்காம்பராக்களே இதற்குச் சான்று. வடகீழ்ப் பருவமழை தகரக்கூரையினின்று வீழ, மண் அடிச்சுவரில் தெறிக்கும். ஆணித்துளைகளிலிருந்து துரு வழியும். புகைபோக்கியற்ற அடுப்படியைக் கரி மூடும்.

புதுவீட்டின் படத்தில் வெண்சுவர் கண்ணுக்கு இனிது. ஆயின் அப்படத்தில் மழையும் இல்லை, விறகும் இல்லை. மழையை மறத்தல் சிறு பிழையன்று. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மழையால் நேர்ந்த மண்சரிவே புதைத்தது.

கரியை வரைபவனுக்கே புகைபோக்கி நினைவில் எழும். சேற்றுத் தெறிப்பை வரைபவனே இறவாரத்தை நீட்டுவான், வடிகாலும் வகுப்பான். கறையை வரைதல் அழகைக் கெடுப்பதன்று; அங்கு வாழப்போகும் தொழிலாளியை முன்னரே எண்ணிப்பார்த்தலாகும்.