நாக்குக்கு ஒரு பாலபாடம்

நாசிக்குக்கு வருபவர்களில் ஒரு கூட்டம் கோதாவரியில் முங்கி எழுந்து ஊர் திரும்பிவிடுகிறது. இன்னொரு கூட்டம் கங்காபூர் அணைப் பக்கம் வண்டியைத் திருப்புகிறது. அங்கே காத்திருப்பவை திராட்சைத் தோட்டங்களும் ஒயின் கிளாஸ்களும்.

மும்பையிலிருந்து சுமார் 170 கி.மீ. தொலைவு. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பகலில் வெயில், இரவில் குளிர். சாப்பிடும் திராட்சைக்குப் பெயர்போன இந்த மண்ணில், அமெரிக்க வேலையை உதறிவிட்டு வந்த ராஜீவ் சமந்த், 1990களின் பிற்பகுதியில் ஒயின் திராட்சை நட்டார். அவரது சூலா நிறுவனத்தின் ஒயின் 2000இல் சந்தைக்கு வந்தது. 2005இல் சுவைக்கூடமும் திறந்தது. பிறகு மற்றவர்களும் வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படியொரு சுவைக்கூடத்தில் சனிக்கிழமை மதியம் எட்டுப் பேர். முகங்களில் பரீட்சைக் கலவரம். தவறாக ஏதாவது உளறிவிட்டால்? ஓரத்தில் மகனுடன் ஒரு விவசாயி. ஒயின் ஆலைக்குப் பல ஆண்டுகளாகத் திராட்சை கொடுப்பவர். ஒயினை வாயில் வைப்பது இதுதான் முதல் முறை.

பாடம் கண்ணிலிருந்து தொடங்குகிறது. கிளாஸைத் தண்டில் பிடிக்க வேண்டும். உள்ளங்கைச் சூடு ஒயினுக்கு ஆகாது. வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துப் பார்த்தால் வயது ஓரளவு தெரியும். சிவப்பு ஒயின் முதிர முதிரச் செங்கல் நிறத்துக்கு வரும். வெள்ளை ஒயின் பொன்னிறமாகும்.

அடுத்து, மெல்லச் சுழற்றி முகர்வது. ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாசனைதான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு கொய்யாவைத் தின்றால் இனிப்பும் புளிப்பும் மட்டுமே மிஞ்சும், கொய்யாவைக் காணோம். சாவிஞான் பிளாங்கை முகர்ந்த ஒரு பெண், "புல் வெட்டிய வாசனை" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சரியான விடை. ஷிராஸில் இன்னொருவருக்கு மிளகு தெரிந்தது. அதுவும் சரி, மிளகில் இருக்கும் ஒரு மணப்பொருள் ஷிராஸிலும் உண்டு. பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை, சமையலறை ஞாபகம் போதும்.

பிறகுதான் வாய். ஒரு மடக்கை வாய் முழுதும் உருட்ட வேண்டும். எச்சில் ஊறினால் அது புளிப்பின் வேலை. தொண்டையில் சூடு ஏறினால் ஆல்கஹால். ஈறு இழுத்துப் பிடித்தால் டேனின், அதாவது தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் சத்து. இதை விளக்கப் பயிற்சியாளர் ஆங்கிலத்தில் திணறியபோது விவசாயி மராத்தியில் ஒரே சொல்லில் முடித்தார்: "துரட்." அறுசுவை படித்த தமிழருக்கு அது துவர்ப்பு. நாவல்பழமும் வாழைப்பூவும் எப்போதோ நடத்தி முடித்த பாடம்.

கடைசியாக, துப்புவது. அதற்கென்றே ஒரு வாளி. ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு.

முடிவில் ஒரு கேபர்நே சாவிஞான். எல்லோரும் பயிற்சியாளர் முகத்தைப் பார்த்தார்கள். விவசாயி மட்டும் இரண்டு முறை முகர்ந்தார். பச்சைக் குடமிளகாய் வாசம் என்றார். பழம் முற்றுவதற்குள் பறித்துவிட்டார்கள் என்றார். பயிற்சியாளர் தலையசைத்தார்: முற்றாத கேபர்நேயில் அந்த வாசம் தூக்கலாகத்தான் இருக்கும்.

மற்றவர்கள் மறுபடி முகர்ந்தார்கள். இந்த முறை எல்லோருக்கும் குடமிளகாய் தெரிந்தது.