18 பசுக்களின் ஊரில்

பெத்லஹேம் பக்கத்தில் மாட்டை ஒளித்து வைத்த ஊர், இப்போது தெரு நாய்களைப் பற்றி யோசிக்கிறது

பெத்லஹேமுக்கு வரும் யாத்ரீகர்கள் ஊரைப் பார்ப்பதில்லை. ஜெருசலேமிலிருந்து பஸ். மேஞ்சர் சதுக்கம். குனிந்துதான் நுழைய முடியும் என்கிற பிறப்புப் பேராலயத்தின் குட்டை வாசல். ஆலிவ் மரத்தில் செதுக்கிய குடில் பொம்மை, பேரம், மறுபடி பஸ். தமிழக அரசின் மானியத்தில் வருகிற பயணிக்கும் சரி, தன் காசில் வரும் இத்தாலியருக்கும் சரி, ஊர் ஒதுக்கப்பட்ட நேரம் அரை நாள்தான். அதில் கிழக்கே இறக்கத்தில் இருக்கும் பெய்த் சாஹூருக்கு அரை மணி கிடைத்தால் அதிகம். தேவதூதர் இடையர்களுக்குக் காட்சி தந்த வயல்வெளி அங்கே இருக்கிறது என்பது ஐதீகம். கத்தோலிக்கர்கள் ஒரு இடத்தைக் காட்டுகிறார்கள், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையினர் இன்னொன்றை. இடையர்களுக்கு இந்தப் பிரச்னை இருந்திருக்காது.

ஆனால் பெய்த் சாஹூர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் அந்த ஆடுகளோடு நிறுத்திக்கொள்வதில்லை. மாடுகளுக்கு வருவார்கள்.

1987ல் முதல் இன்டிஃபாதா தொடங்கியது. கல்லெறிவதோடு நிற்காமல், இஸ்ரேலியப் பொருள்களை வாங்காமலேயே வாழ்ந்து பார்ப்பது என்று இந்தச் சிறிய ஊர் முடிவு செய்தது. பெரும்பான்மையினர் கிறிஸ்தவர்கள். ஆசிரியர்கள், மருந்துக்கடைக்காரர்கள், சிறு தொழிற்சாலை நடத்துகிறவர்கள் என்று படித்த நடுத்தர வர்க்கம். பாலுக்கு என்ன செய்வது? ஒரு இஸ்ரேலியக் கூட்டுப் பண்ணையிலிருந்தே 18 பசுக்களை வாங்கி வந்தார்கள். மாடு வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள் பால் கறக்கக் கற்றுக்கொண்டார்கள். வீடுகளுக்கு உள்ளூர்ப் பால் போய்ச் சேர்ந்தது. ராணுவம் இதைப் பொறுக்கவில்லை. பசுக்கள் இஸ்ரேலின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று அறிவித்துப் பண்ணையை மூட உத்தரவிட்டது. அவ்வளவுதான், ஒரே இரவில் 18 பசுக்களும் காணாமல் போயின. ஊரார் அவற்றை இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைத்தார்கள். படை வீரர்கள் தேடினார்கள், ஹெலிகாப்டரும் தேடியது. 2014ல் அமீர் ஷோமாலியும் பால் கோவனும் இந்தக் கதையை 'தி வான்டட் 18' என்ற ஆவணப் படமாக எடுத்தபோது பசுக்களையே பேச வைத்தார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் விலை இருந்தது. பிரதிநிதித்துவம் இல்லாத இடத்தில் வரியும் இல்லை என்று ஊர் வரி கட்ட மறுத்தது. 1989 இலையுதிர் காலத்தில் ராணுவம் 42 நாட்கள் பெய்த் சாஹூரை முற்றுகையிட்டது. தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. வரிப் பாக்கிக்காக வீட்டுச் சாமான்களும் கடைச் சரக்குகளும் லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலில் வந்த தீர்மானத்தை அமெரிக்கா ரத்து அதிகாரத்தால் நிறுத்தியது.

அந்த ஊரில்தான், கால் நூற்றாண்டு கழித்து, தெரு நாய்களுக்கு ஒரு காப்பகம் வந்தது.

இதை நம்புவதற்கு இங்குள்ள அன்றாட வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாரையும் அவரவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இங்கே அரிது. மூத்த மகன் பெயர் யூசுப் என்றால் அப்பா அபு யூசுப், அம்மா உம் யூசுப். நம் ஊர்த் தெருக்களில் 'குமார் அம்மா' இருப்பது போல. வீட்டுக்குள் கால் வைத்தவருக்கு ஏலக்காய் மணக்கும் காப்பியோ, மரமிய்யா இலை போட்ட தேநீரோ வராமல் பேச்சு தொடங்காது. வெள்ளிக்கிழமையோ ஞாயிறோ, குடும்பத்தின் மதத்தைப் பொறுத்து, பெரிய பாத்திரத்தைத் தட்டில் தலைகீழாகக் கவிழ்த்து மக்லூபா பரிமாறுவார்கள். அடியில் வதங்கிய கத்தரிக்காயும் இறைச்சியும் மேலே வர, அரிசி கோபுரம் போல நிற்கும். நிற்காமல் சரிந்தால் சமைத்தவரை ஒரு வாரத்துக்குக் கேலி செய்யலாம்.

அக்டோபர், நவம்பரில் ஊரே ஆலிவ் தோப்பில் இருக்கும். மரத்தடியில் விரிப்பு, ஏணியில் பிள்ளைகள், தரையில் பாட்டிகள். பிழிந்த எண்ணெய் பச்சையாக, தொண்டையைக் காறும். ரொட்டியை அதில் தோய்த்து ஸாத்தர் பொடியில் ஒற்றிச் சாப்பிடுவதுதான் காலை உணவு. இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் அறிந்தவர்களுக்கு இந்த ருசி சட்டென்று பிடிபடும். பக்கத்துக் கிராமமான பத்தீரில் ரோமானியர் காலத்துப் படிக்கட்டு வயல்களுக்கு ஊற்றுத் தண்ணீரை எட்டுக் குடும்ப வழியினர் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். எனவே பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்பார்கள். 2014ல் அந்த வயல்கள் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறின. பெண்களின் தத்ரீஸ் பூத்தையல் 2021லும், கைகோத்து ஆடும் தப்கே நடனம் 2023லும் இன்னொரு பட்டியலில் ஏறின. இந்தப் பட்டியல்களில் ஏறுவது பாலஸ்தீனியர்களுக்கு வெறும் பெருமை அல்ல, நாங்கள் இருக்கிறோம் என்பதற்கான பத்திரம்.

இந்த வாழ்வில் நாய்க்கு இடம் உண்டு, வீட்டுக்கு வெளியே. சாக்கடல் பக்கம் இறங்கும் வறண்ட குன்றுகளில் ஆடு மேய்ப்பவர்களுக்கு நாய் இல்லாமல் ஆகாது. அதன் பெயர் 'பலதி'. உள்ளூர்க்காரன், இந்த மண்ணைச் சேர்ந்தவன் என்று அர்த்தம். தக்காளிக்கும் கோழிக்கும் முட்டைக்கும் இதே அடைமொழிதான், அங்கெல்லாம் அது பாராட்டு. நாய்க்கு மட்டும் ஏனோ இளக்காரம். நம் 'நாட்டு' என்ற சொல்லுக்கும் இதே கதி. இதே மண்ணின் காட்டு நாய்களைப் பிடித்துத்தான் 1930களில் ருடால்ஃபினா மென்ஸல் என்ற யூத விஞ்ஞானி 'கானான் நாய்' என்ற ஜாதியை உருவாக்கினார். கண்காட்சி மேடையில் ஏறினால் அது கானான், குப்பைத் தொட்டியருகே நின்றால் பலதி.

நாயை முஸ்லிம்கள் வெறுக்கிறார்கள் என்று வெளியாட்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். விஷயம் அத்தனை நேரடியானதல்ல. ஷாஃபி, ஹன்பலி சட்ட மரபுகள் நாயின் எச்சிலை அசுத்தம் என்கின்றன. மாலிக்கி மரபு அப்படிக் கருதவில்லை. குகைவாசிகளின் கதையில் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் காவல் கிடக்கும் நாய் குர்ஆனிலேயே வருகிறது. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்த ஒரே செயலுக்காகப் பாவம் மன்னிக்கப்பட்ட கதையை நபிமொழித் தொகுப்புகள் சொல்கின்றன. கிறிஸ்தவ வீடுகளிலும் பாட்டிகள் நாயை வாசற்படி தாண்ட விடுவதில்லை. இது மதத்தைவிடப் பழக்கத்தின் விவகாரம்.

டயானா பாபிஷ் பெத்லஹேமில் வங்கியில் வேலை பார்த்தவர். தெருவில் அடிபட்ட நாய்களைத் தூக்கி வரத் தொடங்கி, பிறகு வங்கியை விட்டார். 2013ல் விலங்குகளுக்கும் சுற்றுச்சூழலுக்குமான சங்கத்தை நிறுவினார். மேற்குக் கரையில் நாய்களுக்கென்று ஏற்பட்ட முதல் காப்பகங்களில் ஒன்று அது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2011ல், ரமல்லாவில் பாலஸ்தீனிய விலங்குகள் கழகம் தொடங்கியிருந்தது. பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு என்ற வழியை அதுவும் பேசியது.

எதிரே நின்றது பழைய வழி. புகார் அதிகமானால் இரவில் துப்பாக்கி, அல்லது விஷம் தடவிய இறைச்சி. விஷம் பூனையையும் கொல்லும், மேய்ப்பனின் காவல் நாயையும் கொல்லும். 2022 நவம்பரில் பெத்லஹேமுக்குத் தெற்கே உள்ள ஹெப்ரானில் நகர மேயர் ஒரு தெரு நாய்க்கு 20 ஷெக்கல் பரிசு என்றார். நாய்களை அடித்து இழுத்துச் செல்லும் வீடியோக்கள் பரவின. பாலஸ்தீனியர்களிடமிருந்தே கடும் கண்டனம் எழ, மேயர் பின்வாங்கினார். அந்தக் கண்டனத்தைக் கவனிக்க வேண்டும். பத்து ஆண்டுகளாகப் பள்ளிகளில் போய்ப் பேசியவர்களின் வேலை அதில் தெரிந்தது.

புகார் சொல்பவர்களை வில்லன்களாக்கிவிடுவதும் நியாயமில்லை. விடியற்காலையில் சோதனைச் சாவடி வரிசைக்குப் புறப்படும் தொழிலாளி இருட்டில் நாய்க் கூட்டத்தைக் கடக்க வேண்டும். தெஹீஷே, ஐடா போன்ற அகதி முகாம்களில் தெரு என்பது இரண்டு பேர் உரசிக்கொண்டு நடக்கும் சந்து. குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான். ரேபிஸ் பயம் கற்பனையல்ல. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. நாய்களைக் கொன்றால் குப்பை அப்படியே இருக்கும், அதைத் தேடி அடுத்த தெருவிலிருந்து தடுப்பூசி போடாத புதிய நாய்கள் வரும். 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம் பதினொரே நாளில் உத்தரவைத் திருத்தியபோது இந்தியாவிலும் இதே வாதங்கள்தான் கேட்டன.

ஆனால் டெல்லியில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. 1990களின் ஓஸ்லோ ஒப்பந்தங்கள் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று பிரித்தன. 'ஏ' பாலஸ்தீன நிர்வாகத்தின் கையில், 'சி' முழுக்க இஸ்ரேல் கையில். நகரங்கள் 'ஏ'யில் நெருக்கிக்கொண்டு நிற்க, காலி நிலம் பெரும்பாலும் 'சி'யில் கிடக்கிறது. நூறு நாய்கள் குரைக்கும் காப்பகத்தை ஊர் நடுவே வைக்க அண்டை வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள். வெளியே கட்டலாமென்றால் இஸ்ரேலிய அனுமதி வேண்டும், அது கிடைப்பது அபூர்வம். நாய்க்கு எல்லை தெரியாது. ஒரே கூட்டம் காலையில் 'ஏ'யிலும் மாலையில் 'சி'யிலும் திரியும். எந்த நகராட்சி எதற்குப் பொறுப்பு?

முதலில் மனிதர்களைக் காப்பாற்றுங்கள் என்ற கேள்வியை இந்தத் தொண்டர்கள் சந்திக்காத நாளில்லை. காஸாவில் அதற்கு ஒருவர் வேலையாலேயே பதில் சொல்லி வந்தார். சயீத் அல் எர் 2006ல் தொடங்கிய சுலாலா காப்பகத்தில் நூற்றுக்கணக்கான நாய்கள் இருந்தன. கால் இழந்த நாய்களுக்குக் கிடைத்த பழைய சக்கரங்களை வைத்தே வண்டி செய்து கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் வடக்கைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தபோது எல்லா நாய்களையும் கொண்டுபோக வாகனம் இல்லை. தெற்கே இடம்பெயர்ந்த பிறகு கூடாரங்களுக்கு நடுவே, தங்களுக்கே உணவு தட்டுப்பட்ட நாட்களிலும், அந்தக் குழு நாய், பூனைகளுக்கும் வண்டி இழுத்துப் புண்பட்ட கழுதைகளுக்கும் மருந்து போட்டது. அங்கே கழுதை காயப்பட்டால் ஒரு குடும்பத்தின் தண்ணீர் வண்டி நின்றுவிடும்.

பெத்லஹேமில் குண்டு விழவில்லை, பஸ்கள் நின்றன. 2023லும் 2024லும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் ரத்தாயிற்று, பிரார்த்தனை மட்டும் நடந்தது. 2025 டிசம்பரில்தான் மேஞ்சர் சதுக்கத்தில் மரத்துக்கு மறுபடி விளக்கேற்றினார்கள். ஆலிவ் மரச் சிற்பிகளும் ஹோட்டல் ஊழியர்களும் இரண்டு ஆண்டுகளாகச் சம்பாத்தியமின்றி இருந்த ஊரில் நாய்த் தீவனத்துக்கு உண்டியல் குலுக்குவது சுலபமல்ல.

அதனால் காப்பக நாய்களுக்கு வெளிநாட்டில் வீடு தேடுவதும் இந்த வேலையின் ஒரு பகுதி. ஐரோப்பாவுக்குப் போகும் பலதிக்குத் தோலடியில் மைக்ரோசிப் வேண்டும், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும், ரத்தப் பரிசோதனைக்குப் பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் டெல் அவிவ் அருகேயுள்ள விமான நிலையத்தில் அதை யாரும் தடுப்பதில்லை. மேற்குக் கரைவாசிகள் சிறப்பு அனுமதி இன்றி அந்த விமான நிலையத்துக்குப் போக முடியாது. அவர்கள் ஜோர்டான் பாலத்தைக் கடந்து அம்மானில் விமானம் ஏற வேண்டும். எனவே நாயைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் சாவடி வரை நடந்து, கழுத்துப் பட்டைக் கயிற்றை அனுமதிச் சீட்டு உள்ள யாரிடமாவது கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்.