மின்னல் ஆட்டமும் நிதானப் பயிற்சியும்

திங்கட்கிழமை

மூன்று நிமிஷமும், நகர்த்தலுக்கு இரண்டு விநாடிச் சேர்ப்புமாக, உலக பிளிட்ஸ் போட்டியில் வழங்கும் அதே கணக்கில் மாலை முழுதும் ஆடிவிட்டு, ஆட்டங்களைச் சாவகாசமாக மீண்டும் நகர்த்திப் பார்த்தேன். மனப்பாடமான தொடக்க நகர்வுகள் தீர்ந்து, அடுத்து எந்தக் காய்க்கு என்ன வேலை என்ற நோக்கம் இன்னும் பிறவாதிருக்கும் அந்த இடைவெளியில்தான் காலம் மிகுதியாகக் கரைகிறது. ஆதலால் புதிய தொடக்கம் எதையும் இப்போது தேடுவதில்லை. கரோ-கான் தற்காப்பில் மந்திரியை வெளியே அனுப்பியபின் சிப்பாய்களை அடைப்பதும், சமயம் பார்த்து ‘சி’ சிப்பாயைத் தள்ளி எதிரியின் மையத்தைத் தாக்குவதும் ஏன் என்பதையே சிரத்தையாகப் பயிலப்போகிறேன்.

புதன்கிழமை

1973-இல் சேஸ், சைமன் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியைப் படித்தேன். உண்மையான ஆட்டத்தில் எழுந்த நிலையொன்றை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைப் பிசகின்றித் திரும்ப வைத்துவிடுகிறார். அதே காய்களை ஒழுங்கின்றி இறைத்துக் காட்டினாலோ, அவருடைய மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. விரைவு என்று நாம் வியப்பது, முன்னொரு நாள் நிதானமாகக் கண்டு மனத்தில் பதித்த வடிவங்களின் நினைவே என்று நான் திடமாக நம்புகிறேன். 1970-இல் ஹெர்செக் நோவியில், ஐந்து நிமிஷ ஆட்டங்கள் இருபத்திரண்டில் பாபி ஃபிஷர் 19 புள்ளி பெற்று, இரண்டாமவரான தாலைவிட நாலரைப் புள்ளி முன்னே நின்றதற்கு, பாலியம் முதல் அவர் செய்துவந்த ஓயாத புஸ்தகப் பயிற்சியைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை

சென்னைவாசிக்கு ஆனந்தை நினையாமல் இவ்விஷயத்தை எழுத முடியுமா? சோவியத் கலாசார நிலையத்தில் நடந்த தால் சதுரங்கக் கழகத்தில், வென்றவன் பலகையிலேயே இருக்க, தோற்றவன் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும் என்ற வழக்கத்தில் வளர்ந்த சிறுவர் அவர். 2017-இல், தமது நாற்பத்தெட்டாம் வயதில், ரியாத்தில் உலக ராபிட் பட்டத்தை வென்றார். இளமையின் துடிப்பு மட்டுமே வேகமாயின் அவ்வயதில் அது ஏது?

ஞாயிற்றுக்கிழமை

இன்று முழுவதும் லூசெனா நிலை. நம் சிப்பாய் ஏழாம் வரிசையில், அதன் முன்னே எட்டில் நம் ராஜா, எதிரி ராஜா ஒரு நெடுவரிசைக்கு அப்பால் தடுக்கப்பட்டிருக்கையில், யானையை நான்காம் வரிசைக்கு ஏற்றிவிட்டு, ராஜாவை வெளியே நடத்தி, பின்னிருந்து வரும் செக்குகளைக் கடைசியில் அந்த யானையைக் கொண்டே மறைக்கவேண்டும். (ஓரச் சிப்பாய்க்கு இம்முறை உதவாது.) நகர்த்தலுக்கு நேரம் சேர்க்கும் கடிகாரத்துக்கு 1988-இல் காப்புரிமை கோரிய ஃபிஷர் நமக்கு அளித்த அந்தச் சில விநாடிகள், இத்தகைய அறிவு கைவசம் உள்ளவனுக்கே பயன்படும். இதை இரண்டு விநாடிச் சேர்ப்பை மட்டும் நம்பிப் பிழையின்றி முடிக்க வரும்வரை ஒரு நிமிஷ ஆட்டங்களைத் தொடுவதில்லை. நாளை பிலிடோர் தற்காப்பு நிலை.