ஃபின்ஸ் கற்றுத் தந்தது



முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்றார் மருத்துவர். 63 வயதில் நீச்சல் குளத்தில் இறங்கினேன். பலகையைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தால் தண்ணீர்தான் தெறித்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். "சார், சைக்கிள் மிதிக்கிறீங்க" என்று சிரித்த பயிற்சியாளர், ஒரு ஜோடி குட்டை ரப்பர் ஃபின்ஸை நீட்டினார். வாத்துக்கால் மாதிரி இருக்குமே, அதுதான்.

'இது ஏமாற்று வேலை ஆயிற்றே' என்று தோன்றியது. ஆனாலும் மாட்டிக்கொண்டேன்.

ஃபின்ஸின் தட்டு பாதத்தைவிட அகலம். அதிகத் தண்ணீரைப் பின்னால் தள்ளும். முழங்காலை மடக்கி அடித்தால் தண்ணீரை வெட்டிக்கொண்டு நழுவிவிடும். இடுப்பிலிருந்து அடித்தால்தான் தள்ளும். யாரும் சொல்லாமலே என் கால் அதைப் புரிந்துகொண்டது. வேகம் வந்ததும் அமிழ்ந்து கிடந்த கால்கள் மேலே வந்தன. நிதானமாக மூச்செடுக்க முடிந்தது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவயதிலேயே கைக்குப் பலகையும் காலுக்குச் செருப்புபோல ஒன்றும் செய்து நீந்திப் பார்த்தவர். காலுக்குச் செய்தது அவருக்குத் திருப்தி தரவில்லை. 1933இல்தான் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியு இதற்குக் காப்புரிமை பெற்றார்.

நான்காவது வாரம், "இப்ப கழட்டுங்க சார்" என்றார் பயிற்சியாளர். கழற்றினேன். வேகம் குறைந்தது, ஆனால் கால் மறக்கவில்லை. 25 மீட்டரையும் நீந்திக் கடந்தேன்.

கரையில் உட்கார்ந்தபோது ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. விரல்விட்டு எண்ணிய பிள்ளைகளின் விரலில் ஸ்கேலால் தட்டி, "மனசுல போடு" என்றவன் நான். அந்த விரல்கள்தான் அவர்களுடைய ஃபின்ஸ். கழற்றும் நாள் வரும்வரை நான் பொறுத்திருக்க வேண்டும். உங்களில் யாருக்காவது அந்த அடி இன்னும் நினைவிருந்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கால் அளவு சரியாக இருக்கட்டும், இறுக்கினால் தோல் உரியும். முதலில் பத்து நிமிடம் போதும், இல்லையென்றால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மாட்டிக்கொண்டு கரையில் நடக்காதீர்கள். சுரைக்குடுக்கைபோல இது மிதக்க வைக்காது. நீச்சல் தெரியாமல் இதை நம்பி ஆழத்தில் இறங்க வேண்டாம். மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.