ஓசிப் பயணமும் ஒரு வாளி மண்ணும்

பொருளாதாரப் பாடத்தில் 'ஃப்ரீ ரைடர்' என்று ஒரு ஆசாமி வருவார். தெருவிளக்குக்கு வரி கட்டாமல் அந்த வெளிச்சத்தில் நடப்பவர். ஊர் நோம்பிக்குக் காசு கொடுக்காமல் முதல் வரிசையில் உட்கார்ந்து கரகாட்டம் பார்ப்பவர். நம்ம பாஷையில் ஓசி கிராக்கி.

நான் வணிகவியல் படிக்கும் வான்கூவரில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. நகரத்துக்கு வடக்கே, கடல் கழியைத் தாண்டியதும் மலைகள். அந்தப் பகுதிக்குப் பெயர் நார்த் ஷோர். பாறை, வேர், மரப்பாலம் என்று எதையும் விடாமல் அங்கே சைக்கிளில் இறங்குவார்கள். 1990களில் உலகம் முழுக்கப் பரவிய இந்தப் பாணிக்கு 'ஃப்ரீரைடு' என்று பெயர். அது வளர்ந்த முக்கியமான இடங்களில் நார்த் ஷோரும் ஒன்று. ஆக, எங்க ஊர் ஃப்ரீரைடர்கள் எல்லாம் ஃப்ரீ ரைடர்களா? இதுதான் இன்றைய பதிவின் கேள்வி. (கடி ஜோக்குக்குக் கல் எறிய வேண்டாம். மேலே படிங்க :-))

ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ் என்று மூன்று மலைகள். காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதைகள். கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது. எத்தனையோ நாடுகளிலிருந்து ஆட்கள் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு இங்கே வருகிறார்கள். இந்தப் பாதைகளை யார் பராமரிக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "முனிசிபாலிட்டிதான், வேற யாரு?" என்றார்கள். நிலம் முனிசிபாலிட்டியுடையது, மாகாணப் பூங்காவுடையது என்பது சரி. ஆனால் மண் வெட்டுவதும், கல் பதிப்பதும், விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவதும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத கைகள்தான்.

ஆரம்பத்தில் இதெல்லாம் திருட்டு வேலை. அனுமதி கேட்காமல் ஆளுக்கொரு பாதை வெட்டினார்கள். டாட் ஃபியாண்டர் என்பவர் இதில் ரொம்பப் பிரபலம். பட்டப்பெயர் 'டிகர்', அதாவது தோண்டுபவர். விழுந்து கிடந்த தேவதாரு மரத்தைப் பிளந்து, சேற்றின் மேல் ஏணி மாதிரி பாலம் போட்ட முன்னோடிகளில் ஒருவர். அந்தப் பாலங்களில் சைக்கிள் ஓட்டுவதை வீடியோ எடுத்து வெளியிட்டார். கூட்டம் வந்தது. கூடவே சண்டையும் வந்தது. நடப்பவர்கள் புகார் சொன்னார்கள், நில நிர்வாகம் முகம் சுளித்தது. பாதைகளை மூடிவிடுவார்களோ என்ற பயம் வந்த காலத்தில், 1997ல், நார்த் ஷோர் மவுண்டன் பைக் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. திருட்டுத்தனமாக வெட்டியவர்களும் அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்காரப் பழகினார்கள்.

சரி, ஒரு பாதைக்குப் பராமரிப்பு எதற்கு? காடுதானே, அது பாட்டுக்கு இருக்காதா?

இருக்காது. காரணம் தண்ணீர். இந்த மலைச்சரிவில் வருடத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கோயம்புத்தூரில் ஏறக்குறைய மூன்று வருடம் பெய்கிற மழை இங்கே ஒரே வருடத்தில் கொட்டுகிறது. சைக்கிள் டயர் போன தடம் லேசாகக் குழியும். அந்தக் குழியில் தண்ணீர் இறங்கி ஓடும். ஓடும் தண்ணீர் மண்ணை அரிக்கும், வேர் வெளியே தெரியும். வேரில் வழுக்கும் என்று அடுத்த ஆள் பக்கத்தில் சுற்றிப் போவார். ஒற்றையடிப் பாதை நாலடிப் பாதையாகும், அப்புறம் ஓடையாகும். அவ்வளவுதான், பாதை செத்தது.

இதைத் தடுக்க ஒரு கணக்கு இருக்கிறது. 'பாதி விதி' என்பார்கள். பாதையின் சரிவு, அது போகிற மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. மலை 20 சதவீதம் சாய்ந்திருந்தால் பாதை 10 சதவீதத்துக்குள். தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையோடு சேர்ந்து ஓட ஆரம்பிக்கும். அதோடு பாதையின் வெளி ஓரத்தைச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். அங்கங்கே இறக்கத்துக்கு நடுவில் ஒரு சின்ன ஏற்றம் வைக்க வேண்டும். தண்ணீர் அந்த இடத்தில் வெளியேறிவிடும்.

போன வருடத்திலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை நானும் போகிறேன். காலை ஒன்பது மணிக்கு மலையடிவாரத்தில் கூட வேண்டும். ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர்தான் எங்கள் குழுவுக்குத் தலைவர், வயது எழுபதை நெருங்கும். கையில் மம்முட்டி, கடப்பாரை, வாளி கொடுப்பார். இங்கே மேல் மண் கறுப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். மக்கிய இலையும் மரப்பட்டையும்தான் அது. மழையில் சேறாகிவிடும், பாதைக்கு உதவாது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கீழே இருக்கும் செம்பழுப்பு மண்ணைத் தோண்ட வேண்டும். பாதையை விட்டுத் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழி வெட்டி, வாளி வாளியாகச் சுமந்து வந்து கொட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும். ரொம்ப ஈரமான இடமென்றால் அடியில் தட்டைக் கல் பதித்து அதன் மேல்தான் மண். எட்டுப் பேர் ஐந்து மணி நேரம் வேலை செய்தால் ஒரு நல்ல நாளில் ஆறேழு மீட்டர் முடியும். சைக்கிளில் அதைக் கடக்க ஒரு நொடி.

பழைய மரப்பாலங்களையும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கல்லும் மண்ணும் வைக்கிறார்கள். எவ்வளவு நல்ல மரமென்றாலும் இந்த மழையில் கொஞ்ச வருடங்களில் உளுத்துவிடும். அந்த மரத்தில் ஒருத்தர் வேகமாக வந்து ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைப் போனில் சொன்னதும் அம்மா கேட்டது: "ஏன் கண்ணு, மம்முட்டி புடிக்கறதுக்கா இத்தன லட்சம் கட்டி அங்க அனுப்புனோம்? அத நம்ம தோட்டத்துலயே புடிச்சிருக்கலாமே?"

அப்பா போனை வாங்கினார். திட்டுவார் என்று நினைத்தேன். "மண்ணு எப்படிடா அங்க?" என்று ஆரம்பித்தவர் வாய்க்கால், வரப்பு என்று பத்து நிமிடம் பேசினார். கடைசியில், "தண்ணிய நிறுத்தப் பாக்காத. போறதுக்கு வழி உட்டீனா அது பாட்டுக்குப் போயிரும்" என்றார். அமெரிக்காவில் இருக்கும் சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் 2004ல் இதைப் பற்றி ஒரு தடிமனான புத்தகமே போட்டிருக்கிறது. அப்பா இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

இந்த மாதிரி ஊர்கூடிச் செய்யும் வேலை நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஏரி, குளத்தைப் பாசனம் பெறும் குடிகளே தூர்வாரிக் கரை பலப்படுத்தும் குடிமராமத்து நம்ம ஊர் வழக்கம்தான். 1858ல் சென்னை மாகாணத்தில் அதைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள், 'கட்டாய உழைப்பு' என்ற பெயரில். 2017ல் தமிழக அரசு அதே குடிமராமத்து என்ற பெயரில் நிதி ஒதுக்கித் திட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் கட்டாயம், இன்னொரு பக்கம் அரசுப் பணம். இரண்டுக்கும் நடுவில், மனசாரத் தாங்களே வந்து செய்வது என்று ஒன்று இருக்கிறதே, அது எப்படி நிலைக்கும்?

தோண்டுவது ஒரு பாதி. இன்னொரு பாதி ரோந்து.

கலிபோர்னியாவில் 1980களில் மலைச் சைக்கிள் வந்த புதிதில் நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் கொதித்துப் போனார்கள். பல பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. 1988ல் அங்கே ஐந்து கிளப்புகள் சேர்ந்து உருவாக்கியதுதான் நான் மேலே சொன்ன சர்வதேச சங்கம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சாண்டா மோனிகா மலையில் 'மவுண்டன் பைக் யூனிட்' என்று தன்னார்வலர்களே சைக்கிளில் ரோந்து போகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள பூங்காக்களிலும் இது மாதிரி உண்டு. இவர்களுக்கு அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. முதலுதவிப் பை இருக்கும், பஞ்சர் ஒட்டும் சாமான் இருக்கும். வழி தவறியவருக்கு வழி சொல்வார்கள், விழுந்தவருக்குக் கட்டுப் போடுவார்கள், "முன்னாடி குதிரை வருது, மெதுவா போங்க" என்பார்கள். பாதை உடைந்திருந்தால் குறித்துக்கொண்டு போய்ச் சொல்வார்கள். அவ்வளவுதான். லத்தி இல்லாத போலீஸ்!

அதிகாரம் இல்லாத ரோந்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். எங்க மலையில் நடந்த கதையைக் கேளுங்கள். ஃப்ரோம் மலையில் விடியும் முன் யாரோ பாதைகளின் குறுக்கே கட்டையும் கல்லும் போட்டு வைத்தார்கள். வேகமாக இறங்குகிறவர் மோதினால் கழுத்தே முறியலாம். சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் இருட்டில் படம் பிடிக்கும் கேமராவைக் காட்டில் மறைத்து வைத்தார்கள். ஆள் சிக்கியது. அவர்கள் போய் அடிக்கவில்லை, படத்தைப் போலீசிடம் கொடுத்தார்கள். 2015 ஜனவரியில் போலீஸ் கைது செய்தது அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணியை. பின்னால் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதில் எனக்கு இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, அந்தப் பாதையில் தினமும் போகிறவனுக்குத்தான் நேற்று இல்லாத கட்டை இன்று இருக்கிறது என்று தெரியும். சம்பளத்துக்கு வாரம் ஒருமுறை வருபவருக்குத் தெரியாது. இரண்டு, அந்தப் பெண்மணி செய்தது மன்னிக்க முடியாதது என்றாலும், சைக்கிள் மேல் கோபப்படுகிற எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. அமைதியாக நடக்க வந்த இடத்தில் முதுகுக்குப் பின்னால் சர்ரென்று ஒன்று வந்தால் யாருக்கும் பதறும். முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல அங்கே ஒருவர் நிற்பது, கட்டை போடுகிற அளவுக்குக் கோபம் வளராமல் பார்த்துக்கொள்ளும்.

1968ல் கேரட் ஹார்டின் என்பவர், பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். மேய்ச்சல் நிலம்தான் அவர் சொன்ன உதாரணம். எலினார் ஆஸ்ட்ராம் அம்மையார் அப்படி முடிவாகச் சொல்ல முடியாது என்றார். ஸ்விட்சர்லாந்து மேய்ச்சல் நிலம், ஸ்பெயின் பாசன வாய்க்கால் என்று பல நூறு வருடம் நிலைத்த பொதுச் சொத்துகளை ஆராய்ந்து 1990ல் புத்தகம் எழுதினார். 2009ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர். நிலைத்தவை எல்லாவற்றிலும் அவர் பார்த்த பொது அம்சங்களில் சில: பயன்படுத்துகிறவர்களே கண்காணிப்பார்கள். தப்பு செய்தால் முதலில் சின்னக் கண்டிப்பு, பிறகுதான் பெரியது. விதிகளை வகுப்பதில் அங்கே இருப்பவர்களுக்குப் பங்கு இருக்கும். அரசு அவர்களை விரட்டாமல் அங்கீகரிக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இந்தப் பட்டியலை நான் ஃப்ரோம் மலையில் சேற்றில் நின்றபடி நேரில் பார்த்தேன்.

இனி கணக்குப்பிள்ளையாக ஒரு கேள்வி. 2006 கோடையில் ஒரு ஆய்வு செய்தார்கள். நார்த் ஷோர், ஸ்குவாமிஷ், விஸ்லர் ஆகிய மூன்று இடங்களின் பாதைகளுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை செலவழித்தது சுமார் 1 கோடியே 3 லட்சம் டாலர். ஹோட்டல், சாப்பாடு, சைக்கிள் கடை என்று எல்லோர் கல்லாவிலும் அது விழுந்தது. பாதையில் மண் சுமந்தவரின் உழைப்புக்கு எந்தப் பேரேட்டிலும் பற்று இல்லை, வரவும் இல்லை. அப்படியென்றால் உண்மையான ஓசி கிராக்கி யார்? சைக்கிள் ஓட்டுகிறவனா, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரா?

எல்லாவற்றுக்கும் சம்பளம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று என் நண்பன் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல், கருவி, வடிகால் குழாய், பெரிய வேலைகளுக்குத் தேர்ந்த ஆள் ஆகியவற்றுக்கு அரசும் வியாபாரிகளும் காசு கொடுக்கத்தான் வேண்டும். ஒரு பாதையைத் தத்தெடுத்துப் பணமும் கொடுத்து ஆட்களையும் வேலைக்கு அனுப்பும் கம்பெனிகள் இங்கே இருக்கின்றன. அது சரியான வழி. ஆனால் ஒரு வாளி மண்ணாவது தானே சுமந்தவன்தான் மழை நாளில் அந்த இடத்தில் பிரேக் பிடித்துத் தேய்க்க மாட்டான். அந்த அக்கறையைச் சம்பளம் கொடுத்து வாங்க முடியாது.

இன்னொரு நெருடலும் இருக்கிறது. சனிக்கிழமை சும்மா இருப்பவனால்தான் தன்னார்வம் செய்ய முடியும். என்னோடு படிக்கிற பாதிப்பேர் வார இறுதியில் கடையில் நின்றால்தான் வாடகை கட்ட முடியும். அவர்களைப் போய் ஓசி என்று சொன்னால் அது அநியாயம். அதனால் யாரும் எல்லா வாரமும் வர வேண்டாம். புயலடித்த மறுநாள் போகிற வழியில் மரம் விழுந்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்பினாலே அதுவும் ரோந்துதான். வேலை செய்கிறவர்களைக் கடக்கும்போது சைக்கிளை மெதுவாக்கி ஒரு தேங்க்ஸ் சொல்லுங்கள். போன மாதம் ஒருவர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, நாங்கள் அப்போதுதான் கெட்டிப்படுத்திய ஈர மண்ணில் ஆழமாகத் தடம் பதித்துவிட்டுப் போனார். எங்கள் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மம்முட்டியைத் திருப்பிப் பிடித்து அந்தத் தடத்தைத் தட்டிச் சரிசெய்தார்.

வகுப்பு மக்களே, வருகிற சனிக்கிழமை வேலை இருக்கிறது. பழைய பேன்ட், தண்ணி பாட்டில், முழு ஷூ போதும். கையுறையும் மம்முட்டியும் அங்கேயே தருவார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களும் வரலாம், மண்ணுக்கு அதெல்லாம் தெரியாது :-)